வழுக்கியாறு: ஒரு சிற்றாற்றின் சமூக வரலாறு

1

இலங்கையின் ஆறுகளைப் பற்றி எமது மாணவர் கற்கும் பாடம் மத்திய மலைநாட்டிலே தொடங்குகிறது. அங்கிருந்து நாலாபுறமும் இறங்கியோடும் ஆறுகள், 103 ஆற்று வடிநிலங்கள், 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி, அதன் கிளைகள், அணைகள் என்றெல்லாம் விரிந்து செல்லும் அப்பாடம், யாழ்ப்பாணக் குடாநாட்டை அடைந்ததும் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. குடாநாட்டிலே ஆறுகள் இல்லை என்பதே அவ்வசனம். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் இல்லை என்று கூறின் அது முற்றிலும் உண்மை. ஆனால் எமது பாடநூல்களும், அவற்றைப் படித்து வளர்ந்த நாமும், அந்த அடைமொழியைக் கழற்றிவிட்டு ஆறே இல்லை என்று கொண்டுவிட்டோம்.

தெல்லிப்பழைப் பகுதியில் தோன்றி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் ஆகிய ஊர்களினூடாகத் தென்மேற்கு நோக்கிச் சென்று, நவாலிக்கும் வட்டுக்கோட்டைக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தைக் கடந்து, அராலியிலே யாழ்ப்பாணக் கடனீரேரியுடன் கலக்கும் வழுக்கியாறு, ஏறக்குறைய 16 கிலோமீற்றர் நீளமுடையது. மாரியில் ஓடுவது, கோடையில் மறைவது. அதன் பாதையில் வீடு கட்டியோர் பலருக்கு அது ஆறென்பது தெரியாது. பாலத்தின் மேலாகச் செல்லும் பேருந்திலிருந்து பார்ப்போர்க்கு அது ஒரு வெள்ளவாய்க்கால்.

ஓர் ஆறு ஒரு சமுதாயத்தின் நினைவிலிருந்து மறைவது எங்ஙனம்? நீர் வற்றியதால் மட்டும் அது நிகழ்வதில்லை. நீரைப் பயன்படுத்தும் முறையும், நீருக்குரிய உடைமையும், நீரை இறைக்கும் உழைப்பும் மாறும்போதே ஆறு மறக்கப்படுகிறது. குடாநாட்டின் வரலாற்றில் பொதுவான குளமும் ஆறும் பின்தள்ளப்பட்டு, தனியுடைமையான கிணறு முன்னிலைக்கு வந்த கதையே வழுக்கியாறு மறக்கப்பட்ட கதையுமாகும். ஆயின் கிணற்றிலே ஊறும் நீர் ஆறும் குளமும் நிலத்துக்கு ஊட்டிய நீரே என்னும் இயற்கை உண்மையை எந்த உறுதிச்சீட்டும் மாற்றிவிடவில்லை. இவ்விரண்டுக்குமிடையே உள்ள முரண்பாட்டையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

2

முதலில் நிலத்தை நோக்குவோம். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கடலடியிற் படிந்து உருவாகிய இக்கல், மழைநீரிற் கரையும் தன்மையது. நீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கி, கரைத்து, துளைகளையும் குகைகளையும் நிலத்தடிக் கால்வாய்களையும் உண்டாக்குகிறது. கீரிமலையில் நன்னீர் கடலோரத்தில் ஊற்றெடுப்பதும், நிலாவரையில் ஆழமான கிணறொன்று வற்றாது நிற்பதும் இதனாலேயே. இத்தகைய நிலத்தில் ஆறுகள் மேற்பரப்பில் ஓடுவது அரிது. நீர் கீழே போய்விடும். வழுக்கியாறு மேற்பரப்பில் ஓடுகிறது என்பதே ஒரு விதிவிலக்கு.

மழைவீழ்ச்சியோ ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுள், வடகீழ்ப் பருவக்காற்றினாலும் வங்காள விரிகுடாவில் எழும் தாழமுக்கங்களாலும் கொட்டிவிடுகிறது. எஞ்சிய மாதங்களிற் பெரும்பாலும் வெயில். ஆண்டு முழுவதற்குமான நீர் மூன்று மாதங்களில் வந்து சேர்வதால், அதனைத் தேக்கி நிறுத்துவதா, கடலுக்கு விடுவதா என்னும் வினாவே இந்நிலத்து வாழ்வின் முதல் வினாவாக இருந்துவந்துள்ளது.

நிலத்தின் சரிவும் கவனிக்கத்தக்கது. குடாநாட்டின் உயர்ந்த பகுதிகளுள் ஒன்றான தெல்லிப்பழைப் பகுதியே கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 10 மீற்றர்தான். 16 கிலோமீற்றர் தூரத்தில் 10 மீற்றர் இறக்கம் என்றால், 1,600 அடி நடந்தால் ஓர் அடி இறங்கியிருப்போம். இந்தச் சரிவிலே நீர் விரைந்தோடுவதில்லை. தயங்கித் தயங்கிச் செல்கிறது. பள்ளங் கண்ட இடமெல்லாம் நிற்கிறது. அவ்வாறு நிற்கும் இடங்களை எமது முன்னோர் ஆழமாக்கி, மண்ணை வாரி வரம்பிட்டுக் குளங்களாக்கினர். குடாநாடெங்கணும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உள்ளன. வழுக்கியாற்றின் வடிநிலத்திலுள்ளவை ஒன்றோடொன்று இணைந்தவை. முதன் மழையில் நிலம் நனையும். அடுத்த மழையில் குளம் நிரம்பும். பின்னர் அக்குளத்தின் மிகைநீர் வாய்க்கால் வழியாக அடுத்த குளத்துக்குப் பாயும். எல்லாம் நிரம்பிய பின்னரே ஆறு முழு நீளத்துக்கும் ஓடும். ஆகவே வழுக்கியாற்றை ஒரு நீர்க்கோடு என்பதினும் ஒரு குளத்தொடர் என்பதே பொருந்தும். இயற்கை சரிவைத் தந்தது. அச்சரிவை ஆறாக்கியது மனித உழைப்பு.

ஆற்றின் இருமருங்கும் நெல்வயல்கள். அவற்றுக்கு அப்பால் மேட்டு நிலத்தில் செம்மண் தோட்டங்களும் குடியிருப்புகளும். அராலியை அணுகும்போது மண் மாறுகிறது. உவர்த்தரையும் தரவையும் தோன்றுகின்றன. கழிமுகத்தில் ஆற்றின் நன்னீரும் கடனீரேரியின் உவர்நீரும் கலக்கின்றன. மாரியில் நன்னீரின் கை ஓங்கும். கோடையில் உவர்நீர் மேலேறும். ஆழம் குறைந்த அந்நீர்ப்பரப்பில் கண்டல் மரங்களும் கடற்புற்களும் வளர்கின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அங்கே பெருகுகின்றன. வயலுக்கு ஆகாத நீர் இன்னொருவர் வாழ்வுக்கு ஆதாரமாக இருப்பதை இவ்விடத்திற் காண்கின்றோம்.

இனி, கண்ணுக்குப் புலப்படாத ஓர் உண்மை உண்டு. சுண்ணாம்புக்கல்லினுள் இறங்கும் மழைநீர், கடலிலிருந்து ஊடுருவி வந்து நிற்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் சற்றுப் பாரங் குறைந்ததாதலின் அது வில்லை வடிவிலே, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும், உவர்நீரின் மேற் கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கண்ட விதி. இதன் மறுபக்கமே அச்சந் தருவது: மேலே ஓர் அடி நீர் குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி உயரும். குளங்களில் நீர் தேங்கி நிற்கும் ஒவ்வொரு நாளும் இவ்வில்லை தடிக்கிறது; குளந் தூர்ந்து வெள்ளம் நேரே கடலுக்கு ஓடும் ஒவ்வொரு மாரியும் அது மெலிகிறது. வலிகாமத்துக் கிணறுகளின் இனிமைக்கும் வழுக்கியாற்றுக் குளங்களின் நலத்துக்கும் உள்ள தொடர்பு இதுவே.

3

இவ்வாற்றங்கரையில் மனிதர் எப்பொழுது குடியேறினர்? சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள கந்தரோடை இதற்கு விடை தருகிறது. 1917இலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் போல் ஈ. பீரிஸ் அங்கு ஆராய்ச்சி நடத்திப் பௌத்த எச்சங்களைப் பற்றி எழுதினார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் நடத்திய அகழ்வில், தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்புச்சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே அங்கு குடியிருப்பு நிலைபெற்றிருந்தமை இதனாற் புலனாயிற்று. இந்தியாவின் முத்திரை குத்திய நாணயங்களும், உரோம நாணயங்களும், கடல்வணிகத்தைச் சுட்டும் மட்பாண்ட வகைகளும் அவ்விடத்தைக் கடலுக்கப்பாலுள்ள உலகுடன் இணைக்கின்றன.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான குழு, ஆனைக்கோட்டையிற் கண்டெடுத்த முத்திரை இன்னொரு சான்று. பெருங்கற்கால ஈமப் புதையலொன்றிலே கிடைத்த அம்முத்திரையில் பிராமி எழுத்தும், எழுத்துக்கு முற்பட்ட குறியீடுகளும் ஒருங்கே காணப்பட்டன. ஆனைக்கோட்டை வழுக்கியாறு கடனீரேரியிற் கலக்கும் தாழ்நிலத்துக்கு அண்மையில் அமைந்த ஊர் என்பது மனங்கொளத்தக்கது. ஆற்றின் நடுப்பகுதியிலே கந்தரோடை. கடனீரேரி ஓரத்தில் ஆனைக்கோட்டை. நெல்விளையும் நிலத்தையும் கடல்வழியையும் ஒருங்கே நாடிய ஒரு சமுதாயத்தின் தடங்களை இவ்விரு இடங்களும் எமக்குக் காட்டுகின்றன.

கந்தரோடையைக் குறித்து நெடுங்காலமாக ஒரு சச்சரவு நடந்துவருகிறது. அங்குள்ள சிறு தூபிகளைக் கண்டு அது சிங்களவருக்கே உரியது என்பார் ஒருசாரார். அது தமிழருக்கே உரியது என்பார் மற்றொருசாரார். பௌத்தம் ஒருகாலத்திலே தமிழகத்திலும் தழைத்த சமயம் என்பதையும், அன்றைய மக்களை இன்றைய இன அடையாளங்களால் அளப்பது வரலாற்று முறையாகாது என்பதையும் இருசாராரும் வசதியாக மறந்துவிடுகின்றனர். தூபி யாருடையது என்று கேட்போர், அத்தூபியைக் கட்டிய சமுதாயம் எதை உண்டு வாழ்ந்தது என்று கேட்பதில்லை. ஆண்டில் மூன்று மாதமே மழைபெய்யும் நிலத்திலே ஒரு பெருங்குடியிருப்புப் பல நூற்றாண்டுகள் நிலைப்பதாயின், நீரைத் தேக்குவதற்குக் கூட்டு உழைப்பும் ஒழுங்கமைப்பும் இருந்திருத்தல் வேண்டும். கந்தரோடையின் முதன்மையான நினைவுச்சின்னம் அதனைச் சூழ்ந்த நீர்நிலைகளும் ஆற்றுப் பள்ளமுமே என்று நாம் கருதுகின்றோம்.

4

குளம் பொதுவானது. அதனைத் தனியொருவர் வெட்டமுடியாது. தனியொருவர் தூர்வாரவும் முடியாது. கிணறோ அவ்வாறன்று. குடாநாட்டின் வேளாண்மை நெல்லிலிருந்து தோட்டப்பயிருக்கு விரிந்தபோது, குறிப்பாகப் புகையிலை வாணிபம் வளர்ந்தபோது, கிணறு பொருளாதாரத்தின் மையமாயிற்று. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்திலும், அவர்களுக்குப் பின்வந்த பிரித்தானியர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. புகையிலை கோடையில் இறைப்பை வேண்டும் பயிர். மாரியில் மட்டும் ஓடும் ஆறு அதற்கு நேரடியாக உதவாது. ஆகவே காசு கிணற்றைச் சுற்றிக் குவிந்தது.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, காணியுடைமை, முதிசம், சீதனம், பங்காளர் உரிமை ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. நிலத்தையும் மனிதரையும் ஒரே ஏட்டிலே உடைமையாக எழுதிய அமைப்பு அது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும், வழிவாய்க்காலும் இன்றளவும் குறிக்கப்பட்டுவருவதைக் காணலாம். தலைமுறை தோறும் காணி துண்டுபட, கிணற்று நீரும் நாள் கணக்கிலும் முறை கணக்கிலும் துண்டுபட்டது. ஆற்றுக்கு உறுதி இல்லை; ஆகவே அதற்குக் காவலும் இல்லாமற் போயிற்று.

அக்கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவந்தவர் யார்? துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்போர், பனையோலைப் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்போர், வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவோர் ஆகியோரின் கூட்டு உழைப்பே இறைப்பு. விடிவதற்கு முன் தொடங்கி வெயிலேறும் வரை நீளும் அவ்வேலையிற் சிறு நிலத்து விவசாயிகளும் அவர்தம் குடும்பத்தினரும் ஈடுபட்டனர் என்பது உண்மை. எனினும் பெருந்தோட்டக்காரரின் காணிகளில் அவ்வுழைப்பைச் சுமந்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடிமக்களே. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயின் காணி யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே இருந்தது, கிணறும் அவ்வாறே. நாளெல்லாம் நீரிறைத்த மனிதன், தாகமெடுத்தபோது அதே கிணற்றில் தன் கையால் அள்ளிக் குடிக்க இயலாது. உயர்சாதியார் ஊற்றக் கையேந்தி நின்று குடித்தல் வேண்டும். நீரியல் விதி அறியாத இவ்வேற்றுமை, உற்பத்தி உறவுகளிலிருந்து பிறந்தது. நிலத்தடியிலே ஒரே வில்லையாகக் கிடக்கும் நீர், நிலத்தின் மேலே வந்ததும் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டது.

இக்கொடுமைக்கு எதிரான போராட்டங்கள் வழுக்கியாற்று வடிநிலத்திலும் அதன் அயலிலும் நிகழ்ந்தமை தற்செயலன்று. செறிந்த தோட்டச் செய்கையும், இறுகிய சாதியமைப்பும், விழிப்புற்ற உழைப்பாளரும் ஒருங்கே இருந்த பகுதி அது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களிற் சாதியின் பெயரால் மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டிலே கிடந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் இடதுசாரிகளின் தலைமையிற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர், ஊர்வலம் நின்றுவிடவில்லை. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968இல் சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் தேநீர்க்கடைக்கும் கோயிலுக்குமான உரிமைப் போராட்டங்கள் நடைபெற்றன. தேநீர்க்கடையிலே சமமான குவளை கேட்டதும் நீரைப் பற்றிய கோரிக்கையே. பொது நீர், பொது இடம், பொது மனிதம் என்பன ஒரே கோரிக்கையின் மூன்று முகங்கள்.

5

துலாவின் காலம் 1950களிலிருந்து முடியலாயிற்று. மண்ணெண்ணெயிலும் பின்னர் மின்சாரத்திலும் இயங்கிய நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. மனிதனை மாட்டைப்போல் மிதிக்கவைத்த வேலை ஒழிந்தது. அதனை நாம் முழுமனத்தோடு வரவேற்க வேண்டும். பழைமையின் மேல் மையல் கொண்டு துலாவைப் பாடுவோர் அதன்மேல் நடந்தவரின் கால்களை மறந்தவராவர். எனினும் இயந்திரம் இன்னொரு மாற்றத்தையும் கொணர்ந்தது. மனித வலு இருந்தவரை இறைக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை இருந்தது. இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை. எவர் கூடுதலாக இறைக்கிறாரோ அவர் தம் அயலவர் கிணற்று நீரையும் சேர்த்தே இறைக்கிறார். தனியுடைமையின் கருவி, பொதுச்சொத்தின் மேல் கைவைத்தது.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டு விவசாயி உற்பத்தியைப் பெருக்கினான். பல குடும்பங்கள் முதன்முறையாகக் கல்வீடு கட்டின. உள்நாட்டு உற்பத்தியைக் காத்த அக்கொள்கையின் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கேற்ற நீர்த்திட்டம் இல்லாமையால் இறைப்பும் செயற்கை உரமும் கட்டின்றிப் பெருகின. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லினூடாக உரம் எளிதில் இறங்கி, நைத்திரேற்றாகக் கிணறுகளில் தோன்றியது. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அவ்விவசாயியின் சந்தையைப் பறித்தது. நீரிற் கலந்த நஞ்சு மட்டும் எஞ்சியது.

நீரைத் தேக்கும் பெருந்திட்டங்கள் வரையப்படாமல் இல்லை. பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954இல் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கான ஆற்றுத்திட்டம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவருவதை நோக்கமாகக் கொண்டது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன, முழுத்திட்டமும் நிறைவுறவில்லை. அதே கருத்தின் சிறிய வடிவமாக வழுக்கியாற்றின் முகத்திலும் அராலியில் உவர்நீர்த் தடுப்பணை அமைந்தது. கோடையில் உவர்நீர் மேலேறி வயலைக் கெடுக்காது தடுத்தலும், மாரியின் இறுதியில் நன்னீரைச் சிறிது நாட்களாயினும் மறித்து நிலத்துள் இறக்குதலுமே அதன் பணி.

இவ்வாறான அணையின் கதவுகள் திறக்கப்படும் நேரம் வெறும் பொறியியற் பிரச்சினையன்று. வெள்ளம் வருமுன்னர்த் திறவாவிடில் தாழ்நிலத்து வீடுகளில் நீர் புகும். மிக முந்தித் திறந்துவிட்டால் வயலுக்கும் கிணற்றுக்கும் நீர் இராது. நெடுநாள் மூடிவைத்தால் உவரும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தின் இயல்பு கெட்டு இறாற்குஞ்சு மேலேறமாட்டாது. சிறகுவலையும் வீச்சுவலையும் கொண்டு வாழும் மீனவரின் உலை கொதிக்காது. மேட்டு நிலத்துத் தோட்டக்காரர், நடுநிலத்து நெல் விவசாயி, தாழ்நிலத்துக் குடியிருப்பாளர், கழிமுகத்து மீனவர் ஆகிய நால்வரின் நலன்களும் அந்த ஒரு கதவிலே சந்திக்கின்றன. அவர்கள் நால்வரும் ஒரே அவையிலிருந்து முடிவு செய்யாதவரை, குரல் உயர்ந்தவரின் நலனே நடைமுறையாகும்.

போர் இவ்வாற்றையும் விட்டுவைக்கவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஆற்றின் தலைப்பகுதியை அண்டிய நிலங்கள் பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டுக் கிடந்தன. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டின் ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே வெறிச்சோடிற்று. குளத்தைக் காக்கும் ஊர் இல்லாதபோது குளந் தூர்வதும், வாய்க்காலிற் பற்றை மண்டுவதும் இயல்பே. மீண்டு வந்தோர் பலருக்கு எல்லைக் கற்களும் இல்லை. வாய்க்காலின் பழைய தடமும் இல்லை.

போரின் பின் வந்த கட்டட வேகம் வேறொரு தாக்குதலைத் தொடங்கியது. குளத்தின் ஓரங்கள் நிரப்பப்பட்டன. மதகுகள் சிறுத்தன. வெள்ளவாய்க்கால்கள் மதில்களுக்குள் அகப்பட்டன. யாழ்ப்பாண நகரின் கழிவுகள் கழிமுகத்தை அண்டிய கல்லுண்டாய் வெளியிற் கொட்டப்பட்டு வந்தன. சுன்னாகத்து மின் உற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தமை தொடர்பான வழக்கில், 2019இல் நாட்டின் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு செலுத்துமாறு நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. ஓரிடத்திற் சிந்திய எண்ணெய் மதில்களையும் உறுதிகளையும் கடந்து பல ஊர்க் கிணறுகளிலே தோன்றியமை, கிணறு தனியுடைமை என்னும் நெடுநாள் நம்பிக்கைக்குக் கிடைத்த மறுப்பாகும்.

6

2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷாப் புயலுடன் வந்த பெருமழை குடாநாட்டையே வெள்ளக்காடாக்கியது. ஆற்றை மறந்திருந்தோர் அதன் பாதையை அன்று அறிந்தனர். பழைய தடத்தைத் தேடியே வெள்ளம் சென்றது. மேட்டிலிருந்த வீடுகளுக்கு அது சில நாள் இடர். தாழ்நிலங்களிலும் கடனீரேரிக் கரைகளிலும் மண்வீடுகளிலும் கொட்டில்களிலும் இருந்தோருக்கு அது உடைமையனைத்தின் இழப்பு. மலிவான காணி தாழ்ந்த காணியாகவே இருக்கும் சமுதாயத்தில், காணி குறைந்தோரே வெள்ளத்தின் முன்னிலையில் நிறுத்தப்படுகின்றனர். கோடையில் நீரின்றித் தவிப்போரும் அவர்களே. வெள்ளமும் வறட்சியும் இயற்கையின் செயல்கள். அவற்றின் சுமை பகிரப்படும் முறையோ சமுதாயத்தின் செயல்.

ஆகவே வழுக்கியாற்றை மீட்டல் என்பது அழகுபடுத்தும் வேலையன்று. கரையில் நடைபாதையும் மின்விளக்கும் அமைத்துவிட்டு ஆறு மீண்டது என்று கூறுவோரை நாம் ஐயுறவே வேண்டும். குளங்களைத் தொடராகத் தூர்வாருதல், வாய்க்கால்களின் எல்லைகளை அளந்து பொதுநிலமென உறுதிப்படுத்தல், அணைக்கதவைப் பற்றிய முடிவில் மீனவரும் நிலமற்ற தொழிலாளரும் சமமான குரல் பெறல், உரத்தையும் இறைப்பையும் விவசாயிக்கு நட்டமேற்படாத வகையில் ஒழுங்குபடுத்தல் ஆகியனவே மீட்பாகும். இவற்றுக்கு முன்மாதிரிகள் எமது நாட்டு வரலாற்றில் இல்லாமலில்லை. 1958ஆம் ஆண்டு பிலிப் குணவர்த்தன கொணர்ந்த நெற்காணிச் சட்டம், குத்தகை விவசாயியின் உரிமையைப் பாதுகாத்ததோடு, பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஊரின் வேளாண்மைப் பொறுப்பை ஒப்படைக்கவும் முயன்றது. நிலவுடைமையாளரின் எதிர்ப்பாலும் அரசாங்கத்தின் தயக்கத்தாலும் அச்சட்டம் வலுவிழந்தது. ஆனால் உழுபவனும் நீரைப் பற்றி முடிவுசெய்யத் தகுதியுடையவன் என்னும் கருத்து இன்றும் வலுவிழக்கவில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலே தனியான பங்கொன்று உண்டு. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அமெரிக்க மிசனரிமார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய கல்வி நிலையங்களிலிருந்து தொடங்கி, இவ்வாற்றின் தலையிலும் முகத்திலும் இருநூறு ஆண்டுகளாகப் புகழ்பெற்ற பாடசாலைகள் இருந்துவருகின்றன. தேம்ஸ் நதியின் போக்கை அங்கு மாணவர் மனப்பாடஞ் செய்ததுண்டு. தம் பாடசாலைக்கு அயலில் ஓடும் ஆற்றின் படத்தை வரையும் பயிற்சி அவர்களுக்குக் கிடைத்தல் அரிது. ஒரு வகுப்பு, ஒரு மாரியில், ஆற்றின் முழு நீளத்தையும் நடந்து, எத்தனை குளம், எத்தனை மதகு, எவ்விடத்தில் அடைப்பு, எவ்விடத்தில் கிணற்று நீர் உவர்க்கிறது, கரையில் வாழ்வோர் யார், அவர்களுக்குக் காணி உண்டா என்று கேட்டு எழுதினால், அதுவே எந்தத் திணைக்களத்துக்கும் பயன்படும் ஆவணமாகும். புவியியலும் வரலாறும் வேறுவேறு பாடங்கள் அல்ல என்பதும் அம்மாணவருக்கு விளங்கும்.

ஆற்றுக்கு உறுதி இல்லை என்று மேலே கூறினோம். உறுதி இல்லாத சொத்து எவருக்கும் உரியதன்று என்று கருதுவது தனியுடைமையின் நியாயம். அது எல்லோருக்கும் உரியது என்று கொள்வதே மக்களின் நியாயம். ஐப்பசி மழை தொடங்கும்போது, தெல்லிப்பழை மேட்டில் விழும் துளி அராலி முகத்தை அடையுமுன் எத்தனை ஊரின் கிணறுகளை நிரப்பவேண்டும் என்பதை அந்த நியாயமே தீர்மானிக்க வேண்டும். அதனை நிலைநாட்டும் பொறுப்பு, அக்கிணறுகளில் நீரருந்தும் எம் எல்லோருடையதுமாகும்.